யாரோடு ஆடுவது?



நான் ஒரு சிற்றூரில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் திங்களில் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பார். மாவட்டப் போட்டி தொடங்குமுன் எந்தெந்தப் பள்ளிகளோடு நட்புமுறை ஆட்டங்கள் ஆடலாம் என்பதை நான் அதில் குறித்துத் தரவேண்டும். ஓர் ஆண்டு, வெற்றிமேல் வெற்றி பெற்றால் பிள்ளைகளுக்கு ஊக்கம் பிறக்கும் என்று எண்ணி, எங்களினும் எளிய ஐந்து பள்ளிகளை மட்டும் குறித்தேன். ஐந்திலும் வென்றோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து முறை கை தட்டினோம். பின்னர் மாவட்டப் போட்டிக்குச் சென்றோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். திரும்பி வரும் பேருந்தில் அணித்தலைவன் என்னிடம், "ஐயா, பந்தை இவ்வளவு விரைவாகக் கைமாற்றுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாமற் போயிற்றே" என்றான். அவன் குறை கூறவில்லை, உண்மையைச் சொன்னான். அத்தோல்வி அவனுடையதன்று, என்னுடையது என்பதை அன்று உணர்ந்தேன்.

யாரோடு ஆடுவது என்னும் கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்லூரிகளின் கூடைப்பந்தாட்டத்தில் அது நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. வீரமும் அச்சமும், பணமும் கணக்கும், நிறவெறியும் அதனை வென்ற நெஞ்சுரமும் அவ்வரலாற்றில் உண்டு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கூடைப்பந்தாட்டம் பிறந்த ஆண்டும் ஊரும் ஐயமின்றித் தெரிந்தவை. 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இதனை வகுத்தார். அவர் கனடா நாட்டில் பிறந்தவர். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத இளைஞர்களுக்குக் கூடத்திற்குள் ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பீச்சுப் பழக் கூடைகள் இரண்டினை மாடத்தில் கட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, பதினெண்மரை ஒன்பதின்மராகப் பிரித்து ஆடவிட்டார். ஒய்.எம்.சி.ஏ. சென்ற இடமெல்லாம் ஆட்டமும் சென்றது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியின் வழியாக நம் பள்ளித் திடல்களில் அது வேரூன்றியதும் அவ்வாறேயாம்.

அமெரிக்கக் கல்லூரிகள் இவ்வாட்டத்தை விரைந்து ஏற்றன. 1896ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சிகாகோப் பல்கலைக்கழக அணி அயோவா நகருக்குச் சென்று, பக்கத்திற்கு ஐவராக நின்று ஆடி, 15க்கு 12 என்னும் புள்ளிக் கணக்கில் வென்றது. அதே ஆண்டில் நடுமேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் சில கூடி, விளையாட்டுகளை ஒழுங்குசெய்ய ஓர் அமைப்பை ஏற்படுத்தின. பின்னாளில் 'பிக் டென்' எனப் பெயர்பெற்ற கூட்டமைப்பு அதுவே. அதனைப் பின்பற்றி நாடெங்கும் இத்தகைய கூட்டமைப்புகள் எழுந்தன. ஒரு கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரிகள் ஆண்டுதோறும் தமக்குள் ஆடியே தீரவேண்டும்; அங்கே விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. கூட்டமைப்புக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதோ அக்கல்லூரியின் விருப்பம். இலக்கியத்தில் அகம் என்றும் புறம் என்றும் பிரிக்கக் கற்ற நாம், முன்னதை அகப்போட்டி என்றும் பின்னதைப் புறப்போட்டி என்றும் அழைப்போம். இக்காலத்தில் ஓர் அணி ஆண்டொன்றுக்கு ஆடும் ஆட்டங்கள் ஏறத்தாழ முப்பது. அவற்றுள் பதினெட்டு அல்லது இருபது அகப்போட்டிகள். எஞ்சிய பத்துப் பன்னிரண்டும் புறப்போட்டிகள். நம் கதை அந்தப் பத்துப் பன்னிரண்டைப் பற்றியது.

தொடக்கத்தில் புறப்போட்டியை முடிவு செய்தது வழிச்செலவு. இரயிலில் ஒரு பகல் சென்று மீளக்கூடிய தொலைவிலுள்ள கல்லூரியே எதிரி. அதனால் கிழக்குக் கரையினர் மேற்குக் கரையினரின் ஆட்டத்தைக் காணாமலே பல்லாண்டுகள் கழிந்தன. இந்நிலையை மாற்றியவர் நெட் ஐரிஷ் என்பவர். செய்தித்தாளில் விளையாட்டுச் செய்தி எழுதிவந்த அவர், நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்னும் பெருங்கூடத்தில் 1934ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், ஒரே இரவில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை நடத்தினார். தொலைவிலிருந்து வந்த நாட்டர்டேம் அணியும் உள்ளூர் நியூயார்க்குப் பல்கலைக்கழக அணியும் மோதின. பார்க்க வந்தோர் 16,000க்கு மேற்பட்டவர். வெளியூர் அணியை அழைத்துவந்தால் கூட்டமும் வரும், பணமும் வரும் என்பது அன்று தெளிவாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்து, 1936 டிசம்பர் 30ஆம் நாள், அதே கூடத்தில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு அணி, லாங் ஐலண்டுப் பல்கலைக்கழக அணியை எதிர்த்து நின்றது. லாங் ஐலண்டு அணியினர் தொடர்ந்து 43 ஆட்டங்களில் வென்றிருந்தனர். கிழக்கத்தியர் அக்காலத்தில் நின்ற நிலையில் இரு கைகளாலும் பந்தைப் பிடித்தே கூடைக்கு எறிவர். ஸ்டான்ஃபோர்டின் ஹாங்க் லுயிசெட்டியோ ஓடிக்கொண்டே ஒற்றைக் கையால் எறிந்தார். ஸ்டான்ஃபோர்டு 45க்கு 31 என்று வென்றது. அந்த ஓர் இரவுக்குப்பின் நாடு முழுவதும் இளைஞர்கள் ஒற்றைக் கையால் எறியப் பழகினர். அண்டையிலிருந்தவரோடு மட்டும் ஆடியிருந்தால் அப்புதுமையைக் கிழக்கத்தியர் எத்தனை ஆண்டுகள் கழித்துக் கண்டிருப்பரோ! புறப்போட்டியின் முதற்பயன் கல்வி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தைப் புரட்டவேண்டும். எதிரியைத் தெரிந்தெடுக்கும் உரிமை, எதிரியை விலக்கும் உரிமையுமாகும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பர் கல்லூரிகளோடு ஆடுவதில்லை. வலிமை குறைவென்று அன்று, நிறம் வேறென்று.

நெய்ஸ்மித் பின்னாளில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவரிடம் பயின்றவர் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர். ஆட்டத்தை வகுத்தவரிடமே பாடம் கேட்டவராயினும், நிறத்தின் காரணமாக அப்பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. பின்னர் அவர் வடகரோலினாவின் டர்ஹம் நகரில், நீக்ரோவர்க்கான வடகரோலினாக் கல்லூரி என அந்நாளில் பெயரிடப்பட்டிருந்த கல்லூரியின் பயிற்சியாளரானார். அதே நகரில் ட்யூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி இருந்தது. போர்க்காலத்தில் அங்கே பயின்றவருள் பல கல்லூரிகளில் முன்னர் ஆடித் தேர்ந்தவர் சிலர் இருந்தனர். எது வலிய அணி என்னும் கேள்வி இரு தரப்பிலும் எழுந்தது. விடை காண ஒரே வழி ஆடிப்பார்ப்பது; சட்டமும் வழக்கமும் அதற்குத் தடை.

1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஊரார் தேவாலயத்தில் இருந்த வேளை. மருத்துவ மாணவர்கள் கார்களில் சுற்றுவழியாகக் கறுப்பர் கல்லூரிக் கூடத்தை அடைந்தனர். கதவுகள் அடைக்கப்பட்டன. பார்வையாளர்க்கு அனுமதி இல்லை. சன்னல் வழியே எட்டிப் பார்த்த மாணவர் சிலர் மட்டுமே கண்டனர். மெக்லெண்டனின் அணி 88க்கு 44 என்று வென்றது. அதனினும் வியப்பானது அடுத்து நிகழ்ந்தது. சற்று இளைப்பாறியபின் இரு தரப்பினரும் கலந்து, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பக்கத்தில் நின்று இன்னோர் ஆட்டம் ஆடினர். எந்தப் பத்திரிகையிலும் அச்செய்தி வரவில்லை. அரை நூற்றாண்டு கடந்து, 1996இல்தான் அது உலகறிய வெளிவந்தது. புள்ளிப் பட்டியலில் ஏறாத அவ்வாட்டத்தால் எவருக்கும் கோப்பை கிடைக்கவில்லை. ஆடியவர்க்கு உண்மை கிடைத்தது.

வெளிப்படையாக அவ்வுண்மையை ஏற்க மேலும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி 1959, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசியப் போட்டிக்குச் செல்லும் தகுதி பெற்றும் செல்லவில்லை. கறுப்பர் இடம்பெற்ற அணியோடு ஆடலாகாது என்பது அம்மாநிலத்தில் எழுதப்படாத சட்டம். 1963இல் நான்காம் முறையாகத் தகுதி கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் டீன் கால்வர்டும் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தியும் இம்முறை செல்வதென்று முடிவு செய்தனர். அணி புறப்படலாகாதென நீதிமன்றத் தடையாணை பிறந்தது. ஆணை தம் கைக்கு வருமுன் இருவரும் மாநில எல்லையைக் கடந்தனர். வீரர்கள் விமானம் ஏறினர். மார்ச் 15ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகரில் அவர்கள் சிகாகோவின் லயோலா அணியைச் சந்தித்தனர். லயோலாவின் முதல் ஐவருள் நால்வர் கறுப்பர். ஆட்டம் தொடங்குமுன் அணித்தலைவர்கள் ஜெர்ரி ஹார்க்னெசும் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கினர். புகைப்படக் கருவிகளின் ஒளி ஒருங்கே மின்னியது. மிசிசிப்பி அணி 61க்கு 51 எனத் தோற்றது. லயோலா அவ்வாண்டின் தேசிய வாகையையே சூடியது. இது கல்லூரி தானே குறித்துக்கொண்ட ஆட்டம் அன்று, தேசியப் போட்டியின் ஆட்டமே. ஆயினும் ஆடுவதா, மறுப்பதா என்னும் தேர்வு அவர்கள் முன் இருந்தது. வாராதிருந்து காத்த பெருமையைவிட வந்து ஏற்ற தோல்வி மேலானது என்பதை வரலாறு தீர்ப்பாக எழுதிவிட்டது.

அச்சம் நிறத்தால் மட்டும் வருவதில்லை, பெருமையாலும் வரும். கென்டக்கி மாநிலத்தில் ஏறத்தாழ 80 மைல் இடைவெளியில் கென்டக்கிப் பல்கலைக்கழகமும் லூயிவில் பல்கலைக்கழகமும் உள்ளன. இரண்டும் புகழ்வாய்ந்த அணிகள். ஆயினும் 1959இல் தேசியப் போட்டியில் சந்தித்தபின் இருபத்துநான்கு ஆண்டுகள் அவை மோதவில்லை. கென்டக்கி உடன்படவில்லை, பெயர்பெற்ற அணி அண்டை வீட்டானோடு ஆடி வென்றால் புகழ் ஏறாது, தோற்றால் மானம் போகும் என்னும் கணக்கு அது. 1983 மார்ச்சில் தேசியப் போட்டியே இருவரையும் எதிரெதிர் நிறுத்தியது. லூயிவில் கூடுதல் நேரத்தில் 80க்கு 68 என்று வென்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே இரு கல்லூரிகளும் தாமாக ஆடத் தொடங்கின. இம்முறை கென்டக்கி 65க்கு 44 என வென்றது. அதன்பின் அவ்வாட்டம் பெரும்பாலும் ஆண்டுதோறும் நடைபெறும் திருவிழாவாயிற்று. இத்தனை ஆண்டுகள் அதனைத் தள்ளிவைத்ததால் யாருக்கு என்ன பயன் என்று இரு சாராருமே கேட்டுக்கொண்டிருப்பர்.

இதுவரை சொன்னவை மனிதர் மனத்தால் செய்த தேர்வுகள். இனிக் கணக்கு நுழைந்த கதையைக் காண்போம்.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ. நடத்தும் போட்டி 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. ஓரிகன் முதல் வாகையர். நெடுங்காலம் ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே அணிதான் அப்போட்டிக்குச் செல்லலாம். 1974இல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் மேரிலாந்து அணி, வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் 103க்கு 100 எனத் தோற்றது. வென்றவர் நாட்டின் வாகையராயினர்; தோற்றவரோ, நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாயிருந்தும் தேசியப் போட்டியில் கால்வைக்கவும் இயலவில்லை. இக்கொடுமை பலர் கண்ணைத் திறந்தது. 1975இல் அணிகளின் எண்ணிக்கை 32 ஆயிற்று. கூட்டமைப்பின் வாகையர் அல்லாதாரையும் தகுதி நோக்கிச் சேர்க்கும் பொது இடங்கள் ஏற்பட்டன. 1985இல் 64 என்றும், 2011இல் 68 என்றும் எண்ணிக்கை வளர்ந்தது.

பொது இடங்களை யாருக்குத் தருவது? ஒரு தேர்வுக் குழு முடிவு செய்யும். முதல்தரப் பிரிவில் இன்று ஏறத்தாழ 360 அணிகள் உள்ளன. இருபது வெற்றி பெற்ற இரண்டு அணிகளுள் எது மேல்? ஒன்று வலியாரை வென்றிருக்கலாம்; மற்றொன்று எளியாரை வென்றிருக்கலாம். வெவ்வேறு கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகளை ஒப்பிடப் புறப்போட்டிகளே தராசு. 1981இல் குழுவுக்கு உதவியாக ஓர் எண் வகுக்கப்பட்டது. ஆர்.பி.ஐ. என்று அதற்குப் பெயர். அதன் கணக்கு எளிது. நூற்றுக்கு 25 பங்கு உன் வெற்றி விகிதம். 50 பங்கு உன் எதிரிகளின் வெற்றி விகிதம். எஞ்சிய 25 பங்கு அவ்வெதிரிகளின் எதிரிகளுடைய வெற்றி விகிதம்.

நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் அணி நூற்றுக்கு 80 விழுக்காடு வென்றது. அதன் எதிரிகள் 40 விழுக்காடு. அவர்களின் எதிரிகள் 50 விழுக்காடு. எண்பதில் கால் பங்கு 20. நாற்பதில் அரைப்பங்கு 20. ஐம்பதில் கால் பங்கு பன்னிரண்டரை. கூட்டினால் ஐம்பத்திரண்டரை. இரண்டாம் அணி 60 விழுக்காடே வென்றது. ஆனால் அதன் எதிரிகள் 60 விழுக்காடு வென்றவர். அவர்களின் எதிரிகள் முன்போலவே 50. கணக்கிட்டால் 15, 30, பன்னிரண்டரை, மொத்தம் ஐம்பத்தேழரை. குறைய வென்றவன் மேலே நிற்கிறான்! வலியாரோடு மோதியவனுக்கு மதிப்பளிக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது என்பதை மறுக்கவியலாது.

ஆயினும் மாணவர்களே, தேர்வில் எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பது தெரிந்துவிட்டால் பாடத்தைப் படியாமல் மதிப்பெண்ணைப் படிப்போர் தோன்றுவர் அல்லவா? அங்கும் அதுவே நிகழ்ந்தது. எதிரியின் வெற்றி விகிதத்துக்கே அரைப்பங்கு என்றறிந்த பயிற்சியாளர்கள், மெய்யாகவே வலிய அணியைத் தேடவில்லை. எளிய கூட்டமைப்பில் இருந்துகொண்டு தம்மையொத்த எளியாரை நிறைய வெல்லும் அணியைத் தேடினர். அத்தகைய அணியைத் தன் களத்தில் வீழ்த்துவது எளிது. அதன் வெற்றி விகிதமோ தன் எண்ணை உயர்த்தித் தரும். நாட்டிலேயே கடைசியில் நிற்கும் அணிகளை விலக்கி, அவற்றுக்குச் சற்று மேற்பட்ட அணிகளை அழைப்பது ஒரு கலையாயிற்று. சொந்தக் களத்திலேயே ஆடி எண்ணிக்கை சேர்ப்போரைத் தடுக்க, 2005ஆம் ஆண்டுப் பருவம் முதல் விதி திருத்தப்பட்டது. வீட்டில் பெற்ற வெற்றி 0.6 என்றும், எதிரியின் களத்தில் பெற்ற வெற்றி 1.4 என்றும் மதிக்கப்பட்டன.

எண் ஒன்றே போதுமா என்னும் ஐயம் 2006இல் வலுத்தது. அவ்வாண்டு மிசூரி மாநிலப் பல்கலைக்கழக அணி அந்த எண்வரிசையில் 21ஆம் இடத்தில் இருந்தது. ஆயினும் தேர்வுக் குழு அதனைச் சேர்க்கவில்லை. தாழ்ந்த இடத்திலிருந்த அணிகள் பல உள்ளே சென்றன. எண்ணை நம்பினோர்க்கு அது பேரிடி. எண்ணை மட்டும் நம்பலாகாது என்றவர்க்கு அது நியாயம்.

2018இல் ஆர்.பி.ஐ. கைவிடப்பட்டு, 'நெட்' என்னும் புதிய வரிசை வந்தது. வெற்றி தோல்வியோடு, எங்கே ஆடினர், பந்து கைக்கு வந்தபோதெல்லாம் எத்தனை புள்ளி ஈட்டினர், எத்தனை கொடுத்தனர் என்பவற்றையும் அது கணக்கில் கொள்கிறது. வெற்றிகள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. வரிசையில் முதல் 30 இடத்துக்குள் இருப்போரைச் சொந்தக் களத்தில் வென்றாலும், முதல் 50க்குள் இருப்போரைப் பொதுக் களத்தில் வென்றாலும், முதல் 75க்குள் இருப்போரை அவர்கள் களத்திலேயே வென்றாலும் அது முதல் வகை வெற்றி. அயலூர் சென்று ஆடத் துணிவோர்க்கு இது ஓர் ஊக்கம். ஆனால் இதிலும் ஓட்டை காண்போர் உளர். ஈட்டும் புள்ளிக்கும் மதிப்பு உண்டாதலால், மிக எளிய அணியை அழைத்து, ஆட்டம் முடிவானபின்னும் இரக்கமின்றிப் புள்ளி குவிப்பது பயன் தருகிறது என்று குறைகூறுவோர் பலர். அளவுகோல் மாறுந்தோறும் மனிதன் அதற்கேற்பத் தன் உயரத்தைத் திருத்திக் காட்டுகிறான்.

அந்த எளிய அணிகள் ஏன் வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். விடை பணம். பெருங்கல்லூரி தன் களத்தில் ஆடினால் நுழைவுச்சீட்டு வருவாய் உண்டு; அதில் ஒரு பகுதியை விருந்தாளி அணிக்கு உறுதித் தொகையாகக் கொடுத்துவிடும். பதிலுக்கு அவ்வூர் சென்று ஆடும் கடமை இல்லை. சில பத்தாயிரம் டாலர்கள் பெருங்கல்லூரிக்குச் சிறு செலவு. சிறு கல்லூரிக்கோ அந்தத் தொகையால்தான் ஆண்டுச் செலவின் ஒரு பகுதி நடக்கிறது. தோல்விக்குக் கூலி என்று இதனை இழித்துரைப்பாரும் உண்டு. இளைஞர் நெஞ்சு அக்கூலிக்கு எப்போதும் உடன்படுவதில்லை.

2019 நவம்பர் 26ஆம் நாள், நாட்டின் முதலிடத்தில் இருந்த ட்யூக் அணி தன் களத்தில் டெக்சாசின் ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் அணியை எதிர்கொண்டது. ட்யூக் தன் களத்தில் ஆடிய புறப்போட்டிகளில் தொடர்ந்து 150 முறை வென்றிருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் அங்கே அது அத்தகைய ஆட்டத்தில் தோற்றதே இல்லை. ஆட்டம் கூடுதல் நேரத்திற்குச் சென்றது. சமநிலையில் இறுதி நொடிகள். சிதறிய பந்து நாதன் பெயின் என்னும் இளைஞரிடம் வந்தது. களத்தின் முழு நீளமும் ஓடி, மணி ஒலிக்கும் நேரத்தில் கூடையில் இட்டார். 85க்கு 83. அவர் பஹாமாஸ் தீவினர். அவ்வாண்டுப் பெரும்புயலில் அவர் குடும்பத்தின் வீடு பாழாகியிருந்தது. அன்றிரவுக்குப்பின் முகமறியாதோர் பலர் அக்குடும்பத்துக்கு உதவினர். எளியவர் என்று அழைக்கப்பட்டவரின் பெயரை அன்று நாடே உச்சரித்தது.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1982 டிசம்பர் 23ஆம் நாள், முதலிடத்திலிருந்த வர்ஜீனியா அணி, ஜப்பானில் ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் ஹவாய்த் தீவின் ஹோனலூலுவில் தங்கியது. இடையில் ஓர் ஆட்டம் இருக்கட்டுமே என்று சாமினாட் கல்லூரியோடு ஆடியது. ஏறத்தாழ 800 மாணவரே பயின்ற சிறு கல்லூரி அது. வர்ஜீனியாவிடம் ஏழடி நான்கு அங்குல உயரமுள்ள ரால்ஃப் சாம்ப்சன் இருந்தார். சாமினாட் 77க்கு 72 என்று வென்றது! அவ்வெற்றியின் புகழால் 1984 முதல் ஹவாயின் மாவித் தீவில் ஓர் அழைப்புப் போட்டி உருவாகி, பெருங்கல்லூரிகள் கடல்கடந்து வரலாயின. வழியில் கழித்துவிடலாம் என்று எண்ணிய ஆட்டமே ஒரு மரபுக்கு வித்தாயிற்று.

சிறு கூட்டமைப்பில் உள்ள நல்ல அணியின் துன்பம் வேறுவகை. வலியார் அதனோடு ஆட விரும்புவதில்லை. வென்றால் வியப்பில்லை, தோற்றால் இழிவு என்பது அவர் கணக்கு. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரிலுள்ள கொன்சாகாப் பல்கலைக்கழகம் இந்நிலையில்தான் இருந்தது. 1999இல் தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்து புகழ்பெற்றது. அதன்பின் தன் எளிய கூட்டமைப்பின் குறையை ஈடுசெய்ய, நவம்பர், டிசம்பர்த் திங்களில் நாட்டின் வலிய அணிகளைத் தேடிச்சென்று ஆடுவதையே கொள்கையாக்கியது. 2017இலும் 2021இலும் தேசிய இறுதியாட்டத்தை எட்டியது. இரண்டிலும் தோற்றதென்பது உண்மையே. ஆயினும் தேடிச்சென்று கற்றிராவிடில் அவ்விடத்தை அது அடைந்திருக்குமா?

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எப்போதும் வலியாரோடு மட்டும் மோதுக என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து தோற்கும் அணி மனமுடையும். தன் வலியையும் மாற்றான் வலியையும் சீர்தூக்கவேண்டும் என்பது நம் முன்னோரும் வற்புறுத்திய அறிவு. நல்ல பயிற்சியாளர் சில எளிய ஆட்டங்களையும், சில ஒத்த ஆட்டங்களையும், தோற்கக்கூடும் என்று தெரிந்தே இரண்டு மூன்று ஆட்டங்களையும் குறித்துக்கொள்வார். அந்த இரண்டு மூன்றில்தான் அணி தன்னை அறிகிறது. மற்றவை ஊரார் பார்க்கும் கணக்கு. இவை தானே பார்க்கும் கணக்கு.

எங்கள் பள்ளிக் கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிடுகிறேன். மறு ஆண்டு உடற்பயிற்சி ஆசிரியர் தாளைக் கொண்டுவந்தபோது, நான் எழுதுகோலை அணித்தலைவனிடம் கொடுத்தேன். அவன் குறித்த முதற்பெயர், முந்தைய ஆண்டு எங்களை வீழ்த்திய பள்ளி. ஐந்து ஆட்டங்களில் மூன்றில் தோற்றோம். காலைக் கூட்டத்தில் கைதட்டல் குறைந்தது. பெற்றோர் சிலர் என்னை வினவவும் செய்தனர். மாவட்டப் போட்டியில் கோப்பை எங்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் இரண்டே புள்ளியில் தோற்றோம். ஆனால் திரும்பி வரும் பேருந்தில் எவனும் "தெரியாமற் போயிற்றே" என்று சொல்லவில்லை. எங்கே பிழைத்தோம் என்று ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

நீங்களும் நாளை பல களங்களில் நிற்கப்போகிறவர்கள். யாரோடு ஆடுவது என்று உங்கள் கையில் ஒரு தாள் வரும். அதில் ஓரிடமேனும் உங்களினும் வலியவனுக்கு ஒதுக்குங்கள்.